கடனை அடைக்க மாட்டேன், சோறு போடுவேன்

வளர்ந்த பிள்ளை குடிக்கிறான் என்று தெரிந்தால் உறவுக்காரர்கள் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, தானா திருந்திடுவான்.” என் மகனுக்கும் ஜாதகம் கேட்டு வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாகக் கொண்டுவர எனக்கு என்ன உரிமை? இதற்காக என் நாத்தனார் பேச்சையே நிறுத்திக்கொண்டார். போகட்டும்.

அடுத்தது பணம். அவன் கையில் காசு தருவதில்லை, வாங்கிய கடனை அடைப்பதில்லை, காய்ச்சல் என்று மேலாளருக்குப் போன் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். சாப்பாடு உண்டு. சிகிச்சைச் செலவும் உண்டு. அதை ஆஸ்பத்திரி கவுண்டரில் நானே கட்டுவேன். போதையில் இருப்பவனிடம் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை. காலையில் தெளிந்திருந்தபோது அவன் அப்பாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து சொன்னோம். அப்பா மறுத்ததை அம்மா முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வீட்டில் எந்த முடிவும் நிற்காது.

“காசு தராட்டி செத்துருவேன்” என்பான். அதை வெறும் மிரட்டல் என்று விடக் கூடாது. பயந்து பணத்தை நீட்டவும் கூடாது. அவனைத் தனியே விடாமல் 14416 எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம். கைமீறிப் போனால் நேரே ஆஸ்பத்திரிக்கு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்து நிறுத்தாதீர்கள். குடி திடீரென நின்றால் சில மணி நேரத்தில் கை நடுங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு இல்லாததைப் பார்த்துப் பேசும் நிலை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதை டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். சாம்பாரில் ரகசியமாக மாத்திரை கலப்பதும் வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியலாம். அதோடு, சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை அப்புறம் வீட்டில் கை நனைக்குமா?

எனக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது அல்-அனான். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு அது. தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன. ஊர், சாதி, வேலை எதையும் கேட்க மாட்டார்கள். மகளின் குடியைப் பற்றி ஒரு தகப்பனார் அழாமல் பேசியதை அங்கேதான் கேட்டேன். பிறகுதான் நானும் விசேஷங்களுக்குப் போகத் தொடங்கினேன், என் சர்க்கரை அளவைப் பரிசோதித்துக்கொண்டேன்.

சில மாதம் நிறுத்தியிருந்தவன் தீபாவளிக்கு மறுபடி குடித்தான். இந்த நோயில் அப்படி நடக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ராத்திரி எதுவும் கேட்கவில்லை. மறுநாள், “டாக்டர்கிட்ட எப்ப போறே?” என்று மட்டும் கேட்டேன். போனான். எப்படி இருக்கிறான் என்று விசாரிப்பவர்களிடம், இந்த வாரம் ஒழுங்காக வேலைக்குப் போகிறான் என்று சொல்கிறேன்.