யாழ்ப்பாணத்துப் பழைய கார்களும் அவற்றின் மூல எஞ்சின்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கில நாட்டுக் கார்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடி வந்துள்ளன. ஏ 40, கேம்பிறிஜ், ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் என்னும் பெயர்களை அறியாதார் இங்கு அரியர். இவற்றை இன்று விலைபேச வருவோர் முதலிற் கேட்பது, “மூல எஞ்சின்தானா?” என்பதே. விற்பவர் ஆம் என்பர், வாங்குபவர் ஐயுறுவர். ஐயத்தைத் தீர்க்கவல்ல சான்றுகள் மூன்று. அவற்றை முறையே ஆராய்வாம்.

முதலாவது, காலச் சான்று. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். புத்தகம் கிடையாவிடத்து இலக்கத் தகடு ஓரளவு துணைசெய்யும். ஈ எல், ஈ என், ஈ வை முதலிய ஆங்கில எழுத்துக்களைத் தாங்கிய வண்டிகள், 1950களின் பிற்பகுதியில் ஸ்ரீ எழுத்து வருமுன் பதியப்பட்டவை. இனி, மொறிஸ் மைனரின் வரலாற்றை நோக்குக. 1948இல் அது 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் வந்தது, 1952இல் 803 ஆயிற்று, 1956இல் 948, 1962இல் 1098. ஆகவே, ஈ என் எழுத்துடைய மைனரில் 1098 எஞ்சின் இருக்குமாயின், அது பின்னர் இடப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இரண்டாவது, எண் தகடு. மைனரின் 803, 948, 1098 எஞ்சின்களில், டைனமோவைத் தாங்கும் பிடிக்கு மேலே, புளொக்கின் வலப்பக்கத்தில் அத்தகடு காணப்படும். 1950களின் பிற்பகுதி முதல் எண்ணின் தொடக்கமே எஞ்சினின் அளவை உணர்த்தும்: 9எம் என்பது மொறிஸ் மைனரின் 948, 10எம் என்பது 1098, 15 என்பது 1489, 16 என்பது 1622. தொடர் எண்ணுக்கு முன் நிற்கும் எச் என்னும் எழுத்து உயர்ந்த அமுக்கத்தையும், எல் என்பது தாழ்ந்த அமுக்கத்தையும் குறிக்கும்.

ஆயினும் தகட்டை மட்டும் நம்புதல் தகாது. தறையாணியாற் பொருத்தியதைக் கழற்றி வேறொரு புளொக்கிற் பொருத்தலாம். அமெரிக்காவில் இந்த ஐயம் மிகப் பெரிது. அங்கு செவ்ரோலே நிறுவனத்தாரின் பெரிய புளொக் எஞ்சின்கள் 1965இல் 396, 1966இல் 427, 1970இல் 454 கன அங்குலமாக வந்தன. வெளித்தோற்றத்தில் இவற்றை வேறுபடுத்தல் அரிது. புளொக்கின் முன்புறத்தில் வெட்டிய எண்ணைத் தேய்த்தழித்துப் புதிதாய் வெட்டுவோரும் உளர். ஆதலின் அந்நாட்டு ஆய்வாளர் வார்ப்பு எண்ணையும் வார்த்த தேதியையும் கூடவே பார்ப்பர். வார்த்த தேதி கார் செய்த நாளுக்குப் பிந்தியதாயின், எண் பொருந்தினும் எஞ்சின் பொருந்தாது.

மூன்றாவது, வடிவும் அளவும். 918 எஞ்சினுக்குப் பக்க வால்வு. ஆதலால் அதன் தலை தட்டையாயிருக்கும், மேலே வால்வு மூடி இராது. ஏனையவற்றை அளந்தே அறிதல் வேண்டும். ஏ 40 சோமசெற்றின் 1200, கேம்பிறிஜ், ஒக்ஸ்போட் ஆகியவற்றின் 1489, 1622 ஆகிய மூன்றிலும் பிஸ்டன் ஓடும் தூரம் ஏறத்தாழ 89 மில்லிமீற்றரே. வேறுபாடு சிலிண்டரின் விட்டத்தில் உள்ளது: முறையே 65.5, 73, 76.2 மில்லிமீற்றர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் இட்டிருப்பின் அளவு மயக்குமே எனின், மயக்காது. நாற்பது ‘தவ்’ கடைந்தாலும் விட்டம் ஒரு மில்லிமீற்றரளவே கூடும்; 1489க்கும் 1622க்கும் இடையிலுள்ள வேறுபாடோ மூன்றுக்கு மேல்.

இங்கே யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒன்றைக் கூறல் வேண்டும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்கம் தாழ்ந்த எஞ்சின்களாதலின் இவை அதனைப் பொறுத்தன. எனினும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. சிலிண்டர்ச் சுவர்கள் விரைந்து தேய்ந்தன. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்ற வண்டிகளுக்கு அத்தேய்வு தவிர்க்க முடியாததாயிற்று.

ஆகையால் நம் நாட்டில் தேய்வையும் கடைதலையும் குறையாகக் கொண்டு, “மூலமன்று” எனத் தள்ளுதல் முறையன்று. கடைந்த புளொக்கும் மூலப் புளொக்கே. காலம், எண், அளவு ஆகிய மூன்றும் ஒன்றுபடின், எத்துணைத் தேய்ந்திருப்பினும் அது அவ்வண்டியோடு பிறந்ததெனத் துணியலாம். எண் மட்டும் வேறுபடின், உடனே வஞ்சனை என முடிவுசெய்யாது, தொழிற்சாலையிற் புதுக்கிய மாற்று எஞ்சினோ என்றும் ஆராய்தல் வேண்டும்.

2009இல் ஏ 9 வீதி மீண்டும் திறந்தபின், பழைய கார்கள் பல தெற்கே விலைபோயின. சிலவற்றில் மூல எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு ஜப்பானிய எஞ்சினை ஏற்றினர். ஓட்டத்துக்கு அது வசதியே. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் கழற்றிய புளொக்கை எறியாது, எண்ணெய் பூசி, சாக்கிற் சுற்றி ஒரு மூலையில் வைத்தல் பெருஞ்செலவன்று. வீட்டில் இத்தகைய வண்டியுடைய பழைய மாணவர்கள் அதன் எண்களையும், கடைந்த அளவையும், மண்ணெண்ணெயில் ஓடிய ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதிப் பதிவுப் புத்தகத்துடன் வைப்பார்களாக. அளவுகோல் பிடித்துச் சிலிண்டரின் கனவளவைக் கணிக்கும் வேலையை மாணவர்க்கு விடுவது நன்று. கேத்திரகணிதத்தில் அவர்கள் படித்த உருளையின் சூத்திரமே அதற்குப் போதும்.