கோடியக்கரையில் ஒரு நாள்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் இந்த முனையில் 1967இல் சரணாலயம் அமைந்தது. 2002இல் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களையும் சேர்த்து ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்தார்கள். கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவதற்காக மட்டும் இங்கே வராதீர்கள். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

எப்போது, எப்படி?

பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். மழை ஓய்ந்த டிசம்பர் கடைசிக்குப் பிறகு போனால் அலைச்சல் குறையும். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி இரண்டிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பஸ் உண்டு. ரயிலில் வந்தால் அகஸ்தியம்பள்ளியில் இறங்கலாம். தங்குவதற்கு வேதாரண்யமே வசதி. தண்ணீர், தொப்பி, பைனாகுலர் மூன்றையும் மறக்க வேண்டாம்.

காலை: மான்களும் பறவைகளும்

வெயில் ஏறும் முன் புல்வெளிக்குப் போய்விடுங்கள். முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் வெள்ளை வயிறுமாக நிற்பது ஆண் வெளிமான். பழுப்பு நிறத்தில், கொம்பில்லாமல் கூட்டமாக மேய்பவை பெண் மான்கள். ஒரு மான் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னும் நெருங்கினால் மொத்தக் கூட்டமும் துள்ளிப் பாய்ந்துவிடும். காட்டோரத்தில் மனிதர் வளர்ப்பிலிருந்து விடுபட்ட மட்டக்குதிரைகளும் மேயும்.

அடுத்து சதுப்பு நிலம். பூநாரை அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் அமிழ்த்தி, நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்பதைப் பொறுமையாகப் பாருங்கள். உள்ளான்களும் ஆலாக்களும் கூடவே இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வலசையை ஆராய்ந்து வருகிறார்கள்.

பிற்பகல்: வரலாறு

இந்தப் பகுதியிலேயே உயரமான மணல்மேட்டில் இராமர் பாதம் இருக்கிறது. இராமன் இங்கே நின்று இலங்கையைப் பார்த்ததாக ஐதீகம். கோடிக்குழகர் கோயில் பாடல் பெற்ற தலம். கடற்காற்று மோதும் இந்தக் கரையில் ஏன் தனியே இருக்கிறீர் என்று சுந்தரர் இறைவனிடம் உருகிக் கேட்டது இங்கேதான். சோழர் கால கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்தது. அதன் செங்கல் எச்சத்தைப் பார்க்கலாம். ‘பொன்னியின் செல்வன்’ நாவல் படித்தவர்களுக்கு, அதில் வரும் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் பூங்குழலியின் நினைவு தானாக வரும்.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு நடந்து வந்த ராஜாஜி, ஏப்ரல் 30 அன்று இப்பகுதியில் உப்பு அள்ளிக் கைதானார். சுற்றிலும் இன்றும் உப்பளங்கள்தான். ஐந்து நிமிடமாவது இறங்கி நில்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை

குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். கொடுத்துப் பழக்கினால் பைகளைப் பறிக்கத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். 2018 கஜா புயலில் இந்தக் காடு ஏராளமான மரங்களை இழந்தது. முளைத்து வரும் கன்றுகள் மிதிபடாமல் இருக்க, பாதையை விட்டு இறங்காமல் நடப்பது வருகிறவர் ஒவ்வொருவரின் கடமை.