கடாரத்துச் சிநேகம்

கேள்வி: கடாரத்தை வென்ற சோழர்கள், பின்னர் அந்நாட்டோடு சிநேகமானதற்குச் சாசனம் உண்டா? நம் ஊர்ச் செப்பேட்டுக்கு 'லெய்டன்' என்ற பெயர் எப்படி வந்தது?
– ஒரு வாசகர், கீழ்வேளூர்

பதில்: உண்டு. மூன்றே ஏடுகள், 52 வரிகள் கொண்ட சிறிய சாசனம் அது. அதன் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு மூத்த, 21 ஏடுகள் கொண்ட பெரிய சாசனத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் ஸ்ரீமாரவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விஹாரத்துக்கு, ராஜராஜ சோழர் தமது 21ஆம் ஆட்சியாண்டில் உங்கள் ஊர்ப் பக்கத்து ஆனைமங்கலத்தின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்குரிய கொடையாக, விட்டார். பிடியானையை எல்லை நெடுக நடத்தி, அது சுற்றி வந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டு, 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலத்துக்கு 8943 கலத்துக்கு மேல் நெல்லென்று கடைசி நாழி வரைக்கும் கணக்கிட்டு எழுதியிருப்பதைப் படிக்கையில், களத்து மேட்டில் மரக்கால் விழும் ஓசையே காதில் கேட்கிறது. தந்தையின் அந்தத் தர்மத்தைச் செம்பில் வெட்டுவித்து நிலைநிறுத்தியவர் ராஜேந்திரர். அவரே 1025இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தரசன் சங்கிராமவிஜயோத்துங்கவர்மனைச் சிறைபிடித்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அந்த யுத்தம் நடந்து 65 ஆண்டுகளுக்குப் பின், 1090இல், முதற் குலோத்துங்கர் ஆயிரத்தளி அரண்மனைத் திருமஞ்சனசாலையில் 'காலிங்கராயன்' என்னும் ஆசனத்தில் வீற்றிருக்க, ராஜவித்யாதர ஸ்ரீசாமந்தன், அபிமானோத்துங்க ஸ்ரீசாமந்தன் என்ற கடாரத்துத் தூதர் இருவர் வந்து, விஹாரத்துக்குரிய ஊர்களின் வரிகளை நீக்கித் தாமிர சாசனம் அருள வேண்டுமென்று விண்ணப்பிக்க, அரசரும் அவ்வாறே ஆணையிட்டார். ஆயிரத்தளிக்கு அப்போது ஆகவமல்லகுலகாலபுரம் என்றும் பெயர். சாளுக்கிய ஆகவமல்லனின் குலத்துக்குக் காலன் என்று பொருள். ஒரு பகையைப் பெயரிலேயே சுமந்த நகரிலிருந்து, மற்றொரு பகையை மறந்த ஓலை புறப்பட்டது. தென்னாட்டு ராஜதந்திரத்தில் இதனினும் உயர்ந்த பத்திரத்தை நான் அறியேன்.

பெயர் விஷயம் சுருக்கமானது. நாகப்பட்டினம் டச்சுக்காரர் வசமிருந்த காலத்தில் ஹாலந்துக்குப் போன இவ்வேடுகள், 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்டன. விஹாரத்தில் எஞ்சி நின்ற செங்கற்கோபுரத்தை ஐந்தாண்டு கழித்து, 1867இல் இடித்தார்கள்.

கீழ்வேளூர்க்காரரான தாங்களாவது இனி 'லெய்டன் செப்பேடு' என்னாமல், ஆனைமங்கலச் செப்பேடு என்றே வழங்க வேண்டுகிறேன்.