ஜகாத் ரசீதும் வருமான வரியும்

வியாபாரச் சகோதரர்களே! ஜகாத் கொடுப்பது அல்லாஹ்வுக்காக. வரி குறையும் என்பதற்காக அல்ல. ஆயினும் மலேசியச் சட்டம் தந்திருக்கும் உரிமையை அறியாமல் விட்டுவிடுவானேன்?

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, சொந்தப் பெயரில் கடை நடத்துபவர் செலுத்திய ஜகாத்தும் பித்ராவும் வருமானத்தில் அல்ல, வரியிலேயே கழிக்கப்படும். உதாரணமாக, ஒருவருக்கு வரி 3,000 வெள்ளி. அவர் கொடுத்த ஜகாத் 1,800 வெள்ளி. கட்டவேண்டிய வரி 1,200 மட்டுமே. சி.பி. 500 தவணைகளாக 2,400 வெள்ளி முன்னரே கட்டியிருப்பாரேயானால், 1,200 வெள்ளி அவருக்குத் திரும்பி வரவேண்டிய பணமாகும். ஆனால் ஜகாத் 3,500 ஆனாலும் கழிவு 3,000தான். மிச்சம் 500 கைக்கும் வராது, அடுத்த ஆண்டுக் கணக்கிலும் சேராது.

இங்கே ரசீதுதான் முக்கியம். அது சட்டப்படி அமைந்த மாநில ஜகாத் நிலையம் அல்லது பைத்துல்மால் தந்ததாக இருக்கவேண்டும். நம்மவர் பலர் ரமலானில் ஊருக்குப் பணம் அனுப்பி, ஏழை உறவினருக்கு ஜகாத்தைப் பங்கிடுகிறார்கள். அதன் மார்க்க நிலையை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. வரி அலுவலகத்தில் அது செல்லாது. சதகாவும் அப்படியே. ரசீதில் வரி செலுத்துபவர் பெயரே இருக்கட்டும், மகன் பெயரோ கணக்குப்பிள்ளை பெயரோ வேண்டாம். தேதியும் ஜனவரி முதல் டிசம்பர் வரையுள்ள அந்த வரி ஆண்டுக்குள் விழவேண்டும். ஹிஜ்ரி ஆண்டு இதற்குக் கணக்கில்லை.

கம்பெனியாகப் பதிந்தோருக்கு வழி வேறு: வருமானத்தில்தான் கழிவு, அதுவும் 2.5 சதவீதம் வரை.

கடைக்காரர்களுக்குரிய பி படிவத்தை ஜூன் 30க்குள் அனுப்புக. பேங்க் கணக்கு எண்ணைப் பிழையின்றி எழுதுக. திரும்பும் பணம் அங்கேதான் வரும். ரசீதைப் படிவத்தோடு அனுப்பவேண்டாம், 7 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள்.