பாட்டியின் மொழி



பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். வீட்டில் பேசுவது தமிழ்; பள்ளியில் நான் கற்றது மலையாளம். இதில் குறை ஒன்றும் இருப்பதாக நான் நினைத்ததில்லை. ஒருநாள் அப்பத்தா ஒரு பழைய கடிதக் கட்டை என் கையில் கொடுத்தார். இடுக்கி மலையில், தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து மறைந்த அவர் தம்பி எழுதியவை அவை.

“நீ படிச்ச புள்ளதானே கண்ணு? என்ற தம்பி என்ன எழுதியிருக்கான்னு வாசிச்சுச் சொல்லு” என்றார்.

நான் தலை கவிழ்ந்தேன். கடிதம் தமிழில் இருந்தது. எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கல்லூரிக்குப் போகும் பேரனும் கைநாட்டு வைக்கும் பாட்டியும் அந்தக் கடிதத்தின் முன் ஒன்றாகிவிட்டோம்!

பல்கலைக் கழகத்திற்கு வந்த பின், இதே நிலையில் நின்ற வேறொரு மக்களைப் பற்றி நூலகத்தில் படித்தேன். அவர்கள் யூதர்கள், அவர்தம் பாட்டிமார் பேசிய மொழி யித்திஷ்.

யித்திஷ் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. அடித்தளம் ஜெர்மன், அதில் எபிரேயமும் சிலாவிய மொழிகளும் கலந்தன, எழுத்து எபிரேய எழுத்து. ‘மாமெ லோஷன்’ என்பது அம்மொழியின் செல்லப் பெயர். ‘மாமெ’ என்றால் அம்மா. ‘லோஷன்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு நாக்கு, மொழி என்பன பொருள். நம் ‘தாய்மொழி’யே அன்றோ இது!

இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதைப் பேசினர். நாசிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றனர். அவர்களுள் பெரும்பாலோர் யித்திஷ் பேசியவர்கள். தப்பிப் பிழைத்துப் பிற நாடுகளில் குடியேறியோரின் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்திற்கும் எபிரேயத்திற்கும் மாறினர். பின்னர் என்ன நேர்ந்தது? பேரப்பிள்ளைகள் பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்தனர். 1925-இல் வில்னா நகரில் தோன்றி, 1940-இல் நியூயார்க்குக்குத் தலைமையிடத்தை மாற்றிக்கொண்ட ‘யிவோ’ ஆய்வுக் கழகம், 1968-இல் கோடைகால யித்திஷ் வகுப்பைத் தொடங்கியது.

அவர்களுக்கு ஓர் இடர் உண்டு. யித்திஷில் உயிரொலிகளை எழுதிக் காட்டுவர். ஆனால் எபிரேயத்திலிருந்து வந்த சொற்களைப் பழைய முறைப்படியே எழுதுவர். ஓய்வு நாளைக் குறிக்கும் சொல்லில் ஷ, ப, த என்னும் மூன்று மெய்களே இருக்கும். அதை ‘ஷாபெஸ்’ என்று படிக்க வேண்டும்! எழுத்து மட்டும் போதாது. யாரேனும் சொல்லக் காதால் கேட்டிருக்க வேண்டும்.

கேரளத்து யூதர்க்கோ யித்திஷ் உரியதன்று. கொச்சி யூதர் பேசியது மலையாளம். ஒருவர் இறந்துவிட்டால் ‘சாலோம் ஆயி’ என்றனர். சாலோம் என்றால் அமைதி. அவர்களுடைய பெண்கள் மலையாளப் பாடல்களைக் கையேடுகளில் எழுதிக் காத்தனர். 1950-களில் பெரும்பாலோர் இசுரேலில் குடியேறியபோது அக்கையேடுகளும் உடன் சென்றன. ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா காம்லியேலும் அப்பாடல்களைத் தொகுத்து, எபிரேய மொழிபெயர்ப்புடன் 2005-இல் எருசலேமில் வெளியிட்டனர். நூலின் பெயர் ‘கார்குழலி’. இதற்குப் பொருள் சொல்ல நமக்கு அகராதி வேண்டுமா?

இவற்றைப் படித்த பிறகே நான் தமிழ் அரிச்சுவடியை வாங்கினேன். உயிர் 12, மெய் 18. மற்றவை இவற்றின் சேர்க்கை என்று அறிந்ததும் அச்சம் நீங்கிற்று. எனக்கும் ஓர் இடர் வந்தது. மலையாளத்தில் க-வின் ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழிலோ கல், பகல், தங்கம் மூன்றுக்கும் ஒரே ‘க’. எங்கே எப்படி ஒலிப்பது? திகைத்த இடத்திலெல்லாம் அப்பத்தாவின் குரலை நினைத்துக்கொண்டேன். சொல் தானே வாயில் வந்தது. எழுத்தில் இல்லாத பாதி அவரிடம் இருந்தது.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போய்க் கடிதத்தைப் பிரித்தேன். எழுத்துக் கூட்டி முதல் வரிகளைப் படிக்க வெகுநேரம் ஆயிற்று. “அக்காவுக்கு, நலம். இங்கே விடாத மழை. அங்கே கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?” அவ்வளவுதான் செய்தி.

“இப்படித்தான் கேப்பான்” என்று அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அடுத்ததை எடு கண்ணு” என்றார்.

நண்பர்களே, என்னைப் போல் வேறு எழுத்தில் படித்து வந்தவர்கள் நம் சங்கத்தில் இருக்கலாம். யித்திஷ் மாணவர் பலர், சொல்லித் தரப் பாட்டி இல்லாத காலத்தில் புத்தகத்தைத் திறந்தவர்கள். நமக்கு அந்த நிலை வரவேண்டுமா? எழுத்தைப் புத்தகம் தரும். ஒலியைத் தரும் வாய் வீட்டில் இருக்கும்போதே தொடங்குவோம்.