புருவக் கோடும் போடாக்ஸ் ஊசியும்

கேள்வி: புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கு போடாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா? அது விஷம் என்கிறார்களே?

பதில்: விஷம்தான். ஆனால், ஆபத்தைத் தீர்மானிப்பவை அளவும் ஊசி போடும் கையும். கெட்டுப்போன உணவில் உயிரைப் பறிக்கக்கூடிய இந்த நச்சுப் புரதத்தை, மாறுகண்ணுக்கு மருந்தாக அமெரிக்கா 1989-லேயே அனுமதித்தது; புருவக் கோடுகளுக்கு 2002-இல். வழக்கமான அளவு 20 யூனிட், ஐந்து இடங்களில். தசையைச் சுருங்கவைக்கும் அசிட்டைல்கோலின் நரம்பு நுனியிலிருந்து வெளிவராமல் இந்த நச்சு தடுக்கிறது. சுமார் நான்கு மாதங்களில் தசை பழையபடி இயங்கும். முகபாவமே போய்விடும் என்பார்கள். அளவு மீறினால்தான் அப்படி. பக்கத்துத் தசைக்குப் பரவினால் இமை தொங்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். ஆகவே, அழகு நிலையம் வேண்டாம். பயிற்சி பெற்ற தோல் மருத்துவரிடமே செல்லுங்கள். கர்ப்பிணிகளும் தசைகள் தளரும் மயஸ்தீனியா நோய் உள்ளவர்களும் தவிர்ப்பதே நல்லது.