சதுர பிளாக்கில் வட்டப் பின்: அழுத்தத்தை எந்த வழியில் கணக்கிடுவது?

மாப்பிள்ளையூரணியில் லேத் வைத்திருப்பவரிடம் விசைப்படகு வேலை வந்தால், பின் வட்டமாகத்தான் இருக்கும். அது ஏறும் பிளாக் சதுரமாக இருக்கலாம், ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கலாம். பாடநூலில் இருக்கும் லாமே சூத்திரமோ வட்டத்துக்குள் வட்டத்துக்கு எழுதியது. அதை இங்கே போடலாமா, கணினியில் ஏற்ற வேண்டுமா?

பெரும்பாலும் சூத்திரமே போதும், இரண்டு முறை போட்டால். 100 மி.மீ. சதுர எஃகு பிளாக், நடுவில் 50 மி.மீ. துளை, பின் துளையைவிட 0.04 மி.மீ. பெரிது (இந்த வித்தியாசம்தான் இறுக்கம்) என்று வைப்போம். சதுரத்துக்குள் அடங்கும் 100 மி.மீ. வட்டத்தை மட்டும் பிளாக்காக எடுத்தால் அழுத்தம் 60 மெகாபாஸ்கல். மூலைகளைத் தொடும் 141 மி.மீ. வட்டத்தை எடுத்தால் 70. உலோகம் கூடினால் பிளாக் விறைப்பாகுமே தவிர இளகாது. ஆகவே உண்மையான சராசரி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மூலைப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவும் மெலிந்த பக்கம் குறைவாகவும் இருக்கும், அவ்வளவுதான்.

இந்த 10 மெகாபாஸ்கலுக்காக மென்பொருளைத் திறப்பவர் முதலில் தன் மைக்ரோமீட்டரைப் பார்க்கட்டும். அளவில் 0.01 மி.மீ. பிசகினால் அழுத்தம் 15 மெகாபாஸ்கல் மாறிவிடும். கடைசல் கோடுகள் தின்பது அதைவிடப் பெரிது. ஜெர்மானியத் தரநிலை டின் 7190 சொல்லும் கணக்குப்படி, இரு பரப்பின் கரடுமுரடையும் கூட்டி அதில் 0.8 பங்கை இறுக்கத்திலிருந்து கழிக்க வேண்டும். பரப்புக்கு 10 மைக்ரான் என்றால் கழிவது 16 மைக்ரான். 40 மைக்ரான் இறுக்கம் 24 ஆகி, 60 மெகாபாஸ்கல் 36க்கு இறங்கும். பாலிஷ் போடாத பின்னுக்குத் துல்லியக் கணக்கு எதற்கு?

பிரஸ்ஸின் கேஜைப் பார்த்து அழுத்தத்தைச் சொல்பவர்களும் உண்டு. 60 மி.மீ. நீளப் பிடிப்பு, 60 மெகாபாஸ்கல், உராய்வுக் கெழு 0.12 என்றால் பின்னை உள்ளே தள்ளக் கிட்டத்தட்ட 7 டன் வேண்டும். கெழு 0.08 ஆனால் 4.6 டன்னிலேயே இறங்கிவிடும். எண்ணெய் தடவியதா, உலர்ந்ததா என்பதே அந்த எண்ணை மாற்றிவிடும். பின் பிடித்ததா என்று சரிபார்க்கக் கேஜ் நல்லது; அழுத்தத்தை அளக்க அதை நம்பாதீர்கள்.

மென்பொருளுக்கு வேலை வரும் இடம் வேறு. அதே பிளாக்கில் துளை ஒதுங்கி, ஒரு பக்கச் சுவர் 8 மி.மீ. மட்டும் மிஞ்சினால் இரண்டு வட்டக் கணக்கும் 34க்கும் 73க்கும் போய் நிற்கும். இவ்வளவு இடைவெளியில் சராசரி பயன்படாது. வார்ப்பிரும்பு பிளாக் என்றால் விரிசல் அந்த மெல்லிய சுவரில்தான் விழும். கால்குலிக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் இரு பரிமாண மாதிரி போதும். சமச்சீர் இருந்தால் பாதியை மட்டும் வரையுங்கள். துளையோரம் வலையை (மெஷ்) பொடியாக்குங்கள். கூர்மூலையில் வரும் உச்ச எண்ணை மட்டும் நம்பக் கூடாது. வலையைப் பொடியாக்க ஆக்க அது ஏறிக்கொண்டே போகும்.

தொடும் பரப்பே சதுரம் என்றால், சதுரத் தண்டு சதுரத் துளைக்குள் என்றால், சூத்திரத்தை ஓரம் வையுங்கள். பக்கச் சுவர் வெளியே வளைந்து நடுவில் பிடி தளரும், சுமை முழுவதும் மூலைகளில் குவியும். அங்கே மென்பொருள்தான் கதி. முறுக்கு விசையைக் கடத்தத்தான் சதுரம் என்றால், என் யோசனை: வட்டத் தண்டில் கீவே வெட்டி கீ போடுங்கள், செலவும் குறையும்.